எங்கள் மண்ணுக்கு ‘மேற்சுமை’ என்று பெயர்

அந்தத் தமிழ்ச் சுருக்கம் பதினெட்டுப் பக்கம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு நகல் வந்தது. அதுவும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். மகளிர் குழுக் கூட்டம் முடிந்து, தவணைக் கணக்கு எழுதி நோட்டை மூடிய பிறகு, “நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவளாச்சே, படிச்சுச் சொல்லு” என்று அத்தை அதை என் மடியில் போட்டார். சொந்த அத்தை இல்லை, மூன்று வீடு தள்ளி இருப்பவர். அறுபதைத் தாண்டியவர். சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள வயல்களில் நாற்பது வருடத்துக்கு மேல் நடவு நட்ட கை அவருடையது.

எந்த நிறுவனம், எந்தத் திட்டம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்த வகைச் சுருக்கங்கள் நான் படித்தவரை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நான்காம் பக்கத்தில் ஒரு வரி: மேற்சுமை அகற்றப்பட்டு வெளிப்புறக் குவிப்பிடத்தில் சேமிக்கப்படும். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அத்தை நிறுத்தினார்.

“மேற்சுமைன்னா என்னா? யாரு தலைல இருக்கற சுமை?”

விளக்கினேன். பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருப்பது எல்லாமே மேற்சுமை. களிமண், மணல், செம்மண், அதற்கும் மேலே நாம் ஏர் ஓட்டுகிற மண். ஆங்கிலத்தில் ஓவர்பர்டன் என்பார்கள், அதை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள்.

“அப்ப நம்ம நெலமா?”

“ஆமா அத்தை.”

“அத நெலம்னு எழுதறதுக்கு என்னா?”

பதில் சொல்லத் தெரியாமல் நான் விழித்தது நினைவிருக்கிறது. எம்.எஸ்சி. படித்த எனக்கு அந்தச் சொல் ஒருநாளும் உறுத்தியதில்லை. கரியின் பக்கம் நின்று மேலே பார்க்கிறவருக்கு அது சுமை. மேலே நின்று நாற்று நடுகிறவளுக்கு அதுதான் எல்லாம். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க நெய்வேலியில் ஐந்து கன மீட்டருக்கு மேல் மண் அள்ள வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் மணல் வாங்கும் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ இரண்டு யூனிட். ஒரு டன் கரிக்கு இரண்டு யூனிட் மண் என்று எழுதியிருந்தால் எங்கள் தெருவில் யாரும் என்னிடம் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மண்மேடுகள் எவ்வளவு உயரம் வரும், மழையில் எந்தப் பக்கம் கரையும் என்று அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கலைச்சொற்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுரங்கப் பொறியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஒரு சொல் வேண்டும். சமையலில் நமக்குப் ‘பதம்’ என்ற சொல் வேண்டியிருப்பதுபோல. எங்களுக்காக, எங்கள் கருத்தைக் கேட்பதற்காக என்று சொல்லி எழுதப்பட்ட தாளில் அந்தச் சொல் ஏன் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் என் சண்டை. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது. சுருக்கத்துக்கு மட்டுந்தான் அந்தக் கட்டாயம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்க, எங்களுக்குப் பதினெட்டுப் பக்கம். அந்தப் பதினெட்டிலும் தமிழ் எழுத்துதான் இருக்கிறது, தமிழ் இல்லை.

இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். நல்ல தமிழ்க் கலைச்சொல் உருவாக்குவதுதானே தீர்வு என்பார்கள். அந்த வேலைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்தார்கள். பிற்பாடு அவர் எழுதிய வேதியியல் நூலுக்குத் ‘திண்ணை ரசாயனம்’ என்று பெயர். நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று எனக்கு ஒரு கேள்வி வரத்தான் செய்கிறது. வடமொழியா, தூய தமிழா, கிரந்தமா என்று ஆண்கள் நூறு வருடம் வாதாடினார்கள். எந்தச் சொல்லையும் அடுப்படிக்குள் கொண்டுபோய்ப் புரிகிறதா என்று கேட்டதாகத் தெரியவில்லை. ‘நீர்த்தாங்கி’ தூய தமிழ்தான். அத்தைக்கு அது மேல்நிலைத் தொட்டி.

நீர்த்தாங்கிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சுருக்கத்தின் ஏழாம் பக்கம்: அழுத்தத்துக்குட்பட்ட நீர்த்தாங்கியில் அழுத்தக் குறைப்பு மேற்கொள்ளப்படும். இதற்குப் பின்னால் இருப்பது எங்கள் மண்ணின் பெரிய அதிசயம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணல் அடுக்கு, அதற்குள் தண்ணீர். களிமண் மூடியிருப்பதால் அந்தத் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கிறது. நெய்வேலிப் பக்கம் மோட்டாரே இல்லாமல் போர்க் குழாயில் தண்ணீர் பொங்கி வழிந்ததை என் ஆயா பார்த்திருக்கிறார். 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்தே பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலி இந்தத் தண்ணீர்தான். மேலே இருக்கும் மண்ணையும் கரியையும் எடுத்துவிட்டால் கீழே இருக்கும் தண்ணீரை அமுக்கிப் பிடிக்க எடை கிடையாது. சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவையும் தரையில் சாக்பீஸால் படம் போட்டுச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

“குக்கர் மூடிய தெறக்கறதுக்கு முன்னாடி ஆவிய எடுத்துவுடறமே, அந்த மாதிரி.”

அதேதான். நான் அரை மணி நேரம் சொன்னதை ஒரே வரியில் முடித்தார். அத்தோடு விடவில்லை. “அங்க ராவும் பகலும் எறைச்சா இங்க எம் போர்ல எறங்குமா?”

நீரியல் படித்தவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஓரிடத்தில் இறைத்துக்கொண்டே இருந்தால் அதைச் சுற்றி நீர்மட்டம் புனல்போலத் தாழும். புனலின் வாய் எவ்வளவு தூரத்துக்கு விரியும் என்பதைத்தான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். பதினெட்டுப் பக்கத்தையும் திரும்பப் புரட்டினேன். அந்தத் தூரம் எங்கேயும் இல்லை. ‘அழுத்தக் குறைப்பு’ என்ற சொல் இருந்தவரை அது இல்லாதது என் கண்ணிலும் படவில்லை. சொல் புரிந்த மறு நிமிடமே என்ன விடுபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. தெரியாத சொல் வெறுமனே குழப்புவதில்லை, கேள்வி பிறக்கும் இடத்தையே அடைத்துவிடுகிறது.

‘பெண்களுக்குப் புரியும்படி எளிமையாக’ என்று ஒரு வகை உண்டு. அது எனக்கு இதைவிடக் கசக்கும். விழிப்புணர்வு முகாம் என்று அழைப்பார்கள். போனால் கோலப் போட்டி இருக்கும். மரம் நடுவோம் என்று ஒரு படம், சிரிக்கிற சூரியன், முகம் வரைந்த ஒரு தண்ணீர்த் துளி. எண் ஒன்றுகூட இருக்காது. கடினச் சொல்லை எடுக்கிற சாக்கில் செய்தியையே எடுத்துவிடுவார்கள். எண்கள் உள்ள தாள் பக்கத்து அறையில் ஆண்களிடம் இருக்கும். எளிமை என்ற பெயரில் நடக்கும் இந்த அவமதிப்பை நான் கலைச்சொல்லைவிட அதிகமாக வெறுக்கிறேன். கலைச்சொல்லாவது அகராதி பார்த்தால் திறந்துவிடும். சிரிக்கிற சூரியனைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

நமக்கு எண் வராதாம். அடகுக் கடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எட்டு கிராம் முந்நூற்று நாற்பது மில்லி. அந்த நாற்பது மில்லியில் குறைந்தால் கடைக்காரரோடு அரை மணி நேரம் சண்டை போடுகிறவர்கள் நாம். அந்த மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். நுண்துகளுக்கு, அதாவது பி.எம். 2.5க்கு, ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது 2009ஆம் ஆண்டின் இந்தியத் தர அளவு. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வையுங்கள். அந்த அறைக் காற்று முழுவதிலும் சேர்த்து இரண்டு மில்லிக்கும் குறைவான தூசு. அவ்வளவுதான் ‘அனுமதிக்கப்பட்ட அளவு’. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவோ 15. நம்முடையதில் நாலில் ஒரு பங்கு. ஆண்டுச் சராசரியில் இடைவெளி இன்னும் பெரியது: இங்கே 40, அங்கே 5. ஆக, ‘அளவுக்குள் உள்ளது’ என்று சுருக்கத்தில் எழுதியிருந்தால் யாருடைய அளவுக்குள் என்று கேட்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. புரியாதவர்கள் கை தூக்கலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். துணிக்கொடியில் படிகிற கருப்பு, காயப்போட்ட வடாத்தில் நறநறவென்று கடிபடுகிற தூசு, இதெல்லாம் பெரும்பாலும் பி.எம். 2.5 இல்லை. நுண்துகள் தலைமுடியின் தடிமனில் இருபத்தைந்தில் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலின் அடிவரை போகும். நம் விறகடுப்புப் புகையிலும் அதுதான் இருக்கிறது. ‘துணியில் கரி படியுது சார்’ என்று நாம் சொன்னால், ‘கருவி அளந்தது அதை இல்லை’ என்று அவர்கள் சொல்வது தொழில்நுட்பப்படி சரி. இரண்டும் வேறு வேறு தூசு என்று யாராவது முன்கூட்டியே நமக்குச் சொல்லியிருந்தால், இரண்டையும் அளக்கச் சொல்லிக் கேட்டிருப்போம். அடுப்பையும் மாற்றியிருப்போம்.

கூட்டம் நடந்த நாளுக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் பொய்.

பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஆண்கள், பின்னால் டீ அண்டாவுக்குப் பக்கத்தில் நாங்கள். என் முறை வந்தபோது தயாரித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். பி.எம். 2.5, இருபத்து நான்கு மணி நேரச் சராசரி, அடிப்படைத் தரவு, ஒட்டுமொத்தத் தாக்கம். மேடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் “சொல்லுங்க மேடம்” என்றார். அந்த ‘மேடம்’ எனக்கு இனித்தது. இதைப் படிக்கிற அறிவியல் மாணவிகளுக்கு அந்த இனிப்பு தெரியும். ஆய்வகத்தில், கருத்தரங்கில், நேர்காணலில் நம்மை ஒரு ஆளாக மதிக்க வைக்கிற சீருடை அந்தச் சொற்கள். பெண் எளிமையாகப் பேசினால் அவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்பார்கள். ஆண் எளிமையாகப் பேசினால் எவ்வளவு அழகாகப் புரிய வைக்கிறார் என்பார்கள். அதனால் நாம் கவசத்தைக் கழற்ற மாட்டோம். நானும் கழற்றவில்லை.

எனக்குப் பிறகு அத்தை ஒலிவாங்கியைப் பிடித்தார். முன்பு அறுபது அடியில் வந்த தண்ணீர் இப்போது நூற்றிருபது அடிக்குக் குழாய் இறக்கியும் சித்திரையில் விட்டுவிட்டு வருகிறது என்றார். எந்த வருடம் எத்தனை அடி இறக்கினார் என்று விரல்விட்டுச் சொன்னார். “நீங்க இன்னும் எறைக்கப் போறீங்களே, எம் போர் வரைக்கும் எறங்குமா எறங்காதா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். “சரிம்மா, குறிச்சுக்கிட்டோம், உக்காருங்க” என்று பதில் வந்தது.

கூட்டம் முடிகையில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் விளக்கி எல்லோர் முன்னும் படித்துக் காட்ட வேண்டும் என்று அதே 2006 அறிவிக்கையில் இருக்கிறது. படித்தார்கள். பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள், அத்தையும். காற்றுத் தரம் பற்றி நான் கேட்டது தனி எண் போட்டு வரிக்கு வரி வந்தது. அத்தை கேட்டது இப்படி வந்தது: பெண் ஒருவர் குடிநீர் வசதி கோரினார்.

சாட்சி சொன்னவளை மனு கொடுத்தவளாக்கிவிட்டார்கள். ஆண்டுவாரியாக ஆழக் கணக்கு சொல்லி, காரணம் கேட்ட ஒருத்தியை, குழாய் போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சியவளாக எழுதிவிட்டார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். எழுந்து ‘அவர் கோரவில்லை, கேட்டார்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் நயாகரா அருகே லவ் கெனால் என்ற குடியிருப்பில் 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று எழுதி வரைபடத்தில் குறித்தார். பழைய நீரோடைப் பாதைகளை ஒட்டி நோய் மிகுந்திருப்பதைக் கண்டார். இல்லத்தரசிகள் சேர்த்த தகவல் என்று அதிகாரிகள் அதை ஒதுக்கினார்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து பிறகு நூற்றுக்கணக்கான குடும்பங்களை அரசே வெளியேற்ற வேண்டியதாயிற்று. நம் கடலூர் மாவட்டத்திலேயே, 2004இல், சிப்காட் ஆலைகளைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் அழுகிய முட்டை நாற்றம், நகப்பூச்சு நாற்றம் என்று தங்கள் சொல்லிலேயே எழுதி வைத்து, காற்றை வாளியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அழுகிய முட்டை என்று மூக்கு சொன்னதை ஹைட்ரஜன் சல்பைடு என்று வேதியியல் சொல்கிறது. மூக்குக்குத் தெரிந்ததைத்தான் ஆய்வகம் பெயர் மாற்றிச் சொல்கிறது, பல நேரம்.

தெரிந்த சொல்லில் செய்தி வந்தால் ஊர் என்ன செய்யும் என்பதை 2023இல் பார்த்தோம். மார்ச் கடைசியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விட்ட பட்டியலில் தமிழ்நாட்டில் மூன்று இடங்கள்: வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்கு. ஒரு ஊரின் பெயரும் ஒரு திசையும் சேர்ந்து சரக்கின் பெயர். கிழக்கே யார் இருக்கிறார்கள், என்ன விளைகிறது என்பதற்கு அந்தப் பெயரில் இடமில்லை. ஆனால் ‘ஏலம்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். நகை ஏலத்துக்குப் போனால் திரும்பாது என்று தெரியாத பெண் இங்கே இல்லை. இரண்டே வாரத்துக்குள் போராட்டம், சட்டமன்றத்தில் கண்டனம், பிரதமருக்கு முதலமைச்சரின் கடிதம். ஏப்ரல் 8ஆம் தேதி மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

அதே ஆண்டு ஜூலை 26. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. கோப்புகளில் அதற்குப் பெயர் பரவனாறு நிரந்தர மாற்றுப்பாதை. சுரங்கத்துக்காக ஆற்றை வேறு வழியில் திருப்புகிற வாய்க்கால். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, மழைக்கு முன் வெட்டாவிட்டால் சுரங்கத்தில் வெள்ளம் புகும் என்பது என்.எல்.சி.யின் வாதம். சட்டத்தில் இரண்டும் ஒரே நிலையில் இல்லை, தெரியும். ஆனால் ‘மாற்றுப்பாதை’ என்று படிக்கிறவர் சாலையோரப் பலகையைத்தான் நினைப்பார், கதிர் பிடித்த பயிரை நினைக்க மாட்டார். பயிர் மண்ணுக்குள் போகிற படத்தைப் பார்த்த பிறகுதான் தமிழ்நாட்டுக்கே அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தது.

மொழிபெயர்க்காமல் வைத்திருப்பது சோம்பல் என்று நினைக்கிறவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்கலாம். புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. மக்கள் கருத்துச் சொல்லும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கிற வரைவு அது. எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று ஜூன் 30ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சோம்பேறிகள் உச்ச நீதிமன்றம் வரை போவதில்லை. அந்த நாட்களில் சென்னையைச் சேர்ந்த பத்மப்ரியா என்ற இளம்பெண் வரைவில் என்ன இருக்கிறது என்று பேச்சுத் தமிழில் ஒரு காணொளி போட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். வசையும் மிரட்டலும் வந்து காணொளியை அவர் எடுக்க வேண்டியதாயிற்று. வரைவை யாருக்கும் புரியாமல் எழுதியவர்களை ஒருவரும் மிரட்டவில்லை.

அத்தையிடம் நடவடிக்கைக் குறிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நீ அங்கதான இருந்த?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் குழு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போடச் சொன்னார். தெருவில் பதினொரு போர். எந்த வருடம் போட்டது, எத்தனை அடி, சித்திரையில் எவ்வளவு நேரம் ஓடினால் தொட்டி நிறைகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் பெண்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். அறிக்கைகளில் எல்லாம் மீட்டரில்தான் போடுவார்கள், நாமும் மாற்றி எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

“அடியிலயே எழுது. வேணும்னா அவங்க மாத்திக்கட்டும்” என்றார்.